ஆடிட்டா, ரிசர்ச்சா: ஹவுஸ் சர்ஜன் முடிக்கும் தங்கைக்கு

கன்னியாகுமரி மாவட்டம் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன் காலத்தை முடிக்கப்போகும் என் சித்தி மகள் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள்: "அக்கா, அடுத்த ஒரு வருஷம் கையில இருக்கு. நீட் பிஜி படிப்பு ஒரு பக்கம் கிடக்கட்டு. மிச்ச நேரத்துல ஆடிட் பண்ணவா, ரிசர்ச் பண்ணவா? எது பண்ணினா பிரயோஜனம் உண்டு?" அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அரைகுறையாக ஏதோ சொல்லி அனுப்பினேன். இதே கேள்வியை வார்டில் வேறு பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். அதனால் முழுப் பதிலையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொன்னால், முதலில் ஆடிட். அதையும் இரண்டு சுற்றாக முடிக்க வேண்டும். ரிசர்ச் அதன் பிறகு, கேள்வி உன்னுடையதாக இருந்தால், கைபிடித்துச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இருந்தால். இந்தப் பதில் எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்கு மாறும் என்பதையும் சொல்கிறேன்.

நம் ஆஸ்பத்திரிகளில் "ஆடிட் வருது" என்றால் ஸ்டோர்ஸில் இருப்பு எண்ணுவார்கள், ஸ்டாக் ரெஜிஸ்டரைத் தூசி தட்டுவார்கள், ஃபார்மசிஸ்டுக்கு இரண்டு நாள் தூக்கம் போகும். அது கணக்குத் தணிக்கை. கிளினிக்கல் ஆடிட் வேறு. இந்த நோய்க்கு இப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஏற்கெனவே முடிவான ஒரு முறை இருக்கும். அதை நாம் செய்கிறோமா என்று கேஸ் ஷீட்டை எடுத்து எண்ணிப் பார்க்கிறோம். விட்டுப்போன இடத்தில் ஏதாவது ஒன்றை மாற்றுகிறோம். சில மாதம் கழித்து மறுபடி எண்ணுகிறோம். அவ்வளவுதான் ஆடிட். எப்படிச் செய்ய வேண்டும் என்று யாருக்குமே இன்னும் தெரியாத இடத்தில் தொடங்குவது ரிசர்ச்.

ஒரே கடி, இரண்டு கேள்வி

நம் மாவட்டத்துக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை வைத்துப் பார்ப்போம். குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு சருகு மேல் நடக்கிறவர்கள். மழைக்காலத்தில் பாம்புக்கடி வராத டூட்டி குறைவு.

கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்தால் ரத்தம் உறையாமல் போகலாம். அதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்த்தால் போதும். உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து. முதல் தவணை 8 முதல் 10 குப்பி (வயல்), சின்னப் பிள்ளைக்கும் அதே அளவு. கொடுத்து 6 மணி நேரம் கழித்து அதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும். இவ்வளவும் தேசிய சிகிச்சை வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இங்கே ஆடிட்டின் கேள்வி: நம் கேஷுவாலிட்டிக்கு (அவசரப் பிரிவுக்கு) வந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த 20 நிமிடச் சோதனை நடந்தது? நேரம் எழுதியிருக்கிறதா? 6 மணி நேரம் கழித்து மறுபடி செய்தோமா? பழைய கேஸ் ஷீட்டுகளை வைத்திருக்கும் எம்.ஆர்.டி.யில் போய் முப்பது நாற்பது கேஸ் ஷீட்டை எடுத்து உட்கார்ந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் பதில் கிடைத்துவிடும். வரும் பதில் மனசைக் கஷ்டப்படுத்தும். அந்தக் கஷ்டம் பயனுள்ளது. ஏனென்றால் அதன் காரணம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். கண்ணாடிக் குழாய் கேஷுவாலிட்டியில் இல்லை, பிளாஸ்டிக் குழாய்தான் கைக்கு எட்டுகிறது. பிளாஸ்டிக்கில் ரத்தம் உறைவது சரியாகத் தெரியாது. சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் அப்படித்தான். இந்த ஒரு காரணத்தால் ஒருவருக்கு மருந்து வீணாகக் கொடுக்கப்படலாம், இன்னொருவருக்குத் தாமதமாகலாம். குழாய் வாங்கி வைக்க வேண்டும், சுவரில் ஓடுகிற கடிகாரம் வேண்டும், கேஸ் ஷீட்டில் நேரம் எழுத ஒரு ரப்பர் ஸ்டாம்பு வேண்டும். மொத்தச் செலவை ஒருவரே கையிலிருந்து போட்டுவிடலாம்.

இப்போது ரிசர்ச்சின் கேள்விக்கு வருவோம். அதே கேஸ் ஷீட்டுகளைப் புரட்டும்போது இரண்டு மூன்று பேர் கண்ணில் உறுத்துவார்கள். விஷமுறிவு மருந்து சரியான நேரத்தில், சரியான அளவில் போயிருக்கிறது. ஆனாலும் ரத்தம் உறையவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, டயாலிசிஸுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஏன்? இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கானது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கியிருக்கும் சின்னக் குழிவிரியன். அதற்கு இந்த மருந்து வேலை செய்யாது. அதன் கடியை ரொம்ப காலம் பெரிய ஆபத்தில்லாதது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2007இல் கேரளத்திலிருந்து ஐந்து நோயாளிகளைப் பற்றி வந்த ஒரு கட்டுரைதான் இந்தியாவில் அந்தப் பாம்பு உயிருக்கே ஆபத்தாகலாம் என்று உறுதியாகக் காட்டியது. ஐந்தே பேர். கடித்த பாம்பையும் கொண்டுவந்திருந்ததால் எந்தப் பாம்பு என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடிந்தது.

நம் மலையடிவாரத்தில் வரும் கடிகளில் எவ்வளவு அந்தப் பாம்பினுடையது, யாருக்குச் சிறுநீரகம் பாதிக்கிறது, அதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் ரிசர்ச். எந்த வழிகாட்டுதலைப் புரட்டினாலும் இதற்குப் பதில் எழுதியிருக்காது.

ஆனால் ஒன்றைக் கவனி. அந்த ரிசர்ச் கேள்வி ஆடிட் செய்தவளுக்குத்தான் தோன்றும். சோதனையே ஒழுங்காக நடக்காத இடத்தில், மருந்து வேலை செய்யாமல் போனது பாம்பினாலா நம் குழாயினாலா என்று யாரால் சொல்ல முடியும்? முதலில் ஆடிட் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதன் முக்கியக் காரணம் இதுதான்.

ஆடிட்டால் முடியாதது

இதைச் சொல்லாமல் விட்டால் ரிசர்ச்சுக்கு நான் அநியாயம் செய்தவளாவேன். ஆடிட்டுக்கு ஓர் எல்லை உண்டு. அது அளவுகோலை எடுத்துக்கொண்டு நம்மை அளக்கும். அளவுகோல் சரியா என்று கேட்காது.

ஆசாரிப்பள்ளம் என்றாலே காசநோய் ஆஸ்பத்திரி என்று இருந்த காலத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பார். காசநோய் வந்தால் ஊருக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், மாதக்கணக்கில் படுக்கை, சத்தான சாப்பாடு. அதுதான் அன்றைய சரியான முறை. அந்தக் காலத்தில் ஒருவர் சானடோரியத்தில் ஆடிட் செய்திருந்தால் என்ன கண்டுபிடித்திருப்பார்? படுக்கை போதவில்லை, பால் அளவு குறைகிறது, ஓய்வு நேரம் ஒழுங்காக இல்லை. சானடோரியமே தேவையில்லை என்று அந்த ஆடிட் ஒருநாளும் சொல்லியிருக்காது. அதைச் சொன்னது சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம். 193 நோயாளிகளை வீடு, சானடோரியம் என்று குலுக்கல் முறையில் பிரித்து ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெரிசலான வீட்டில் அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959இல் அந்த முடிவு வெளியானது. பிற்பாடு உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நீ இப்போது வெள்ளைக் கோட்டுப் போட்டு நடக்கும் வளாகத்துக்கு அந்தக் கதையோடு ஓர் உறவு இருக்கிறது.

இன்னொன்று, மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலிருந்து வரும் நோயாளிகள் கேட்பது: "டாக்டரே, நம்ம மணல்ல கதிர்வீச்சு இருக்குன்னு சொல்லுதாவளே, அதனாலயா கேன்சர்?" 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் மோனசைட் என்ற கதிர்வீச்சுள்ள தாதுவைக் கண்டுபிடித்த மணல் அது. நியாயமான பயம். உடனே ஓர் இளம் மருத்துவருக்குத் தோன்றும்: வார்டில் வரும் கேன்சர் நோயாளிகளில் எத்தனை பேர் அந்தக் கடற்கரைக்காரர்கள் என்று எண்ணினால் என்ன? எண்ணலாம், ஆனால் அதிலிருந்து ஒன்றுமே சொல்ல முடியாது. அந்தக் கடற்கரையில் மொத்தம் எத்தனை பேர், எத்தனை வயது, எவ்வளவு கதிர்வீச்சு, எத்தனை பேர் பீடி குடிக்கிறவர்கள், எத்தனை பேர் நேரே திருவனந்தபுரம் போய்விட்டார்கள் என்று தெரியாமல் வார்டில் எண்ணிய அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து என்ன செய்வது? கேரளத்தில் இதே மணல் உள்ள கருநாகப்பள்ளியில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் கிட்டத்தட்ட 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு பின்தொடர்ந்தார்கள். கதிர்வீச்சினால் கேன்சர் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் எழுதினார்கள். அப்படிப்பட்ட கேள்விக்கு அவ்வளவு ஆளும் காலமும் வேண்டும். டூட்டி முடிந்து மிஞ்சும் நேரத்தில் செய்கிற காரியமில்லை.

அனுமதி, காலம், கடலுக்குப் போனவர்

ஆடிட்டுக்கு யூனிட் சீஃப், ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்), மருத்துவக் கண்காணிப்பாளர் கையெழுத்து போதும். நிறுவனத்துக்குள் நடக்கும் தரத் தணிக்கைகளை எத்திக்ஸ் கமிட்டியின் முழு ஆய்விலிருந்து விலக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறை சொல்கிறது. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. விலக்கு என்று தீர்மானிப்பது கமிட்டிதான், நீ இல்லை. பின்னால் மாநாட்டில் சொல்லவோ கட்டுரையாக எழுதவோ கொஞ்சமாவது ஆசை இருந்தால் தொடங்குவதற்கு முன்பே ஒரு பக்கக் கடிதம் கொடுத்து விலக்குச் சான்று வாங்கிக்கொள். வேலையை முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் எந்தக் கமிட்டியும் பின்தேதியிட்டுத் தராது. நல்ல வேலைகள் சில இப்படியே அலமாரியில் முடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

ரிசர்ச் என்றால் ப்ரோட்டோகால் (எழுதிவைத்த ஆய்வுத் திட்டம்), எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு, எத்திக்ஸ் கமிட்டி, ஒப்புதல் படிவம், அதன் பிறகுதான் முதல் நோயாளி. சிகிச்சைப் பரிசோதனையாக இருந்தால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிவு செய்ய வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து பின்னால் பதிவு செய்ய வழியில்லை. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதினால் மட்டும் நம் மாவட்டத்தில் போதாது. விளவங்கோடு பக்கத்தில் மலையாளம் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர்கள் வருவார்கள், அவர்களுக்கு மலையாளப் படிவம் வேண்டும். சென்னைக் கல்லூரி ஒன்றின் ப்ரோட்டோகாலைப் பார்த்து எழுதும் பிள்ளைகள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பின்தொடர்தல் இன்னும் சிரமம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை திரும்ப மாட்டார்கள். "மூணாவது மாசம் வாங்க" என்று நீ எழுதிக்கொடுத்த தேதியில் அவர் கடலில் இருப்பார். கொஞ்சம் வசதியுள்ளவர் அடுத்த வாரமே திருவனந்தபுரத்தில் காட்டிக்கொண்டிருப்பார். அவர் குணமாகிவிட்டாரா, வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாரா என்று தெரியாமலே உன் அட்டவணையில் வெற்றிடம் விழும். பத்தில் மூன்று கட்டம் காலியாக இருக்கும் ஆய்வை எவ்வளவு அழகான புள்ளியியலாலும் காப்பாற்ற முடியாது. ஆடிட்டில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் நீ அளப்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசலுக்குள் நடந்ததை.

காலத்தைப் பொறுத்தவரை, ஆடிட் ஒரு சுற்றுக்கு மூன்று மாதம், இடையில் மாற்றம் வேரூன்ற இரண்டு மூன்று மாதம், மறு சுற்றுக்கு ஒரு மாதம் என்று வைத்துக்கொள். ரிசர்ச்சில் கமிட்டிக் கூட்டத்துக்குக் காத்திருப்பதிலேயே அதில் பாதி போய்விடும்.

மனிதர்களால் வரும் சிரமம்

இதுவரை சொன்னதைப் பார்த்தால் ஆடிட் சுலபம் என்று தோன்றும். இல்லை. ரிசர்ச்சில் கஷ்டம் காகிதத்தில், ஆடிட்டில் கஷ்டம் பக்கத்து நாற்காலியில்.

என் முதல் ஆடிட் தோற்றது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லத் தேவையில்லை. கேஸ் ஷீட்டுகளை எண்ணி, எங்கெல்லாம் நேரம் எழுதவில்லை என்று சிவப்பில் குறித்து, மாதாந்திரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்தேன். வாசித்து முடித்தபோது அறையில் ஒரு சத்தமும் இல்லை. வெளியே வந்ததும் கேஷுவாலிட்டி சீனியர் சிஸ்டர் சொன்னார்: "டாக்டரே, பத்து வருஷமா இந்தச் சேரில இருக்கேன். குழாய் இல்ல, வாங்கித் தாங்கன்னு எத்தனை இண்டென்ட் எழுதிப் போட்டேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" நான் கேட்டிருக்கவில்லை. அவருடைய கோபம் நியாயம். மாற்றம் ஒன்றும் நடக்கவில்லை, எனக்கு டிரான்ஸ்ஃபர் வந்தது, மறு சுற்று நடக்கவேயில்லை.

அடுத்த இடத்தில் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்பே நர்சிங் சூப்பரின்டென்டென்டையும் ஃபார்மசிஸ்டையும் உட்காரவைத்துப் பேசினேன். எதை அளக்கலாம் என்று அவர்களே சொன்னார்கள். அறிக்கையில் யார் பெயரும், எந்த ஷிஃப்டும் வரவில்லை. டாக்டர்கள் மாறிக்கொண்டே இருப்போம். ஹவுஸ் சர்ஜன் என்றால் கேட்கவே வேண்டாம், போஸ்டிங் முடிந்தால் அடுத்த டிபார்ட்மென்ட். அந்த இடத்தில் நிலைத்து இருப்பவரை ஆடிட்டின் சொந்தக்காரராக ஆக்கினால்தான் இரண்டாவது சுற்று நடக்கும். முதல் சுற்றை எல்லோரும் செய்துவிடுகிறார்கள், ஆடிட் செத்துப்போவது இரண்டாவது சுற்றுக்கு முன்னால். மறு எண்ணிக்கை இல்லாத ஆடிட், குறையைக் கண்டுபிடித்துவிட்டுக் கைகழுவியதாகத்தான் ஆகும்.

பிழையை எண்ணிக் காட்டினால் வரும் இந்தப் பயம் புதிதில்லை. பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர் நூறு வருஷத்துக்கு முன்பே, ஒவ்வொரு நோயாளியும் ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறார் என்று பார்க்க வேண்டும் என்றார். பெரிய ஆஸ்பத்திரி கேட்கவில்லை. தன் சிறு ஆஸ்பத்திரியில் 1911 முதல் 1916 வரை 337 பேரின் கணக்கை எழுதி, அதில் 123 பிழைகள் நடந்ததாக அவரே அச்சடித்து வெளியிட்டார். சக மருத்துவர்களின் வெறுப்பைச் சம்பாதித்தார். இன்று மருத்துவத் தணிக்கையின் முன்னோடி என்று அவரைச் சொல்கிறார்கள். அவர் எண்ணியது தன் பிழைகளை. அந்த வரிசையை மாற்றி முதலில் அடுத்தவர் பிழையை எண்ணப் போனதுதான் நான் செய்த தப்பு.

ரிசர்ச்சில் எனக்கு வேறொரு வருத்தம். என் பிஜி தீசிஸ் தலைப்பு என்னுடையது இல்லை, கொடுக்கப்பட்டது. கடைசி இரண்டு மாதத்தில் நோயாளிகளைத் தேடித் தேடி எண்ணிக்கையை நிரப்பினேன். பைண்ட் செய்து கொடுத்தேன், பாஸ் ஆனேன். அந்தக் கேள்வியை அதன் பிறகு நானும் கேட்கவில்லை, வேறு யாரும் என்னிடம் கேட்கவுமில்லை. அந்த நோயாளிகள் ஒவ்வொருவரும் எனக்காக ஒரு முறை கூடுதலாக ஊசி குத்திக்கொண்டார்கள் என்பது இன்றும் உறுத்துகிறது.

கரியருக்கு எது?

உன் கேள்வியில் பாதி இதுதான் என்று எனக்குத் தெரியும். மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகப் போக நினைத்தால் இங்கே ஆடிட்டுக்கு மதிப்பெண் கிடையாது. பதவி உயர்வுக்கு தேசிய மருத்துவ ஆணையம் (என்.எம்.சி.) கேட்பது, மெட்லைன், ஸ்கோபஸ் போன்ற பட்டியலில் உள்ள இதழ்களில் வந்த ஆய்வுக் கட்டுரை. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் அடிப்படை ஆய்வுப் பயிற்சியை ஆன்லைனில் முடித்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியை நீ இப்போதே முடித்துவிடு, ஆடிட் செய்வதற்கும் அது உதவும். பணம் கட்டினால் பத்து நாளில் அச்சாகும் என்று மெயில் அனுப்பும் இதழ்கள் பக்கம் மட்டும் போகாதே. அந்தப் பட்டியலில் இல்லாத இதழில் வந்த கட்டுரை பதவி உயர்வுக்கும் உதவாது, பின்னால் உன் பெயரோடு ஒட்டிக்கொண்டே வரும்.

பிளாப் என்ற தேர்வை எழுதி மருத்துவராக பிரிட்டன் போகிற எண்ணம் இருந்தால் நிலைமை நேர் எதிர். அங்கே 2012 இறுதியிலிருந்து ஒவ்வொரு மருத்துவரும் உரிமத்தைத் தக்கவைத்துக்கொள்ள, தன் வேலையின் தரத்தை எப்படி உயர்த்தினார் என்று காட்டியாக வேண்டும். பயிற்சி இடங்களுக்கான விண்ணப்பத்தில் இரண்டு சுற்று முடித்த வேலைக்குத் தனி மதிப்பெண் உண்டு. ஒரு சுற்றோடு நின்றதற்குக் குறைவு. நம் மாவட்டத்திலிருந்து போகும் பிள்ளைகள் பலர் கிளம்பும் நேரத்தில் அவசர அவசரமாக ஒரு சுற்றைச் செய்து சான்றிதழ் கேட்டு வருகிறார்கள். நேர்காணலில் "அதன் பிறகு என்ன மாறியது?" என்று ஒரு கேள்வி கேட்டால் முடிந்தது.

பிஜி கிடைத்துவிட்டால் உன் கையில் தீசிஸ் தானாக வரும், அதைத் தவிர்க்க முடியாது. அங்கே என் யோசனை, தலைப்பு முடிவாகும் முன்பே உன் பழைய ஆடிட்டில் உறுத்திய அந்த இரண்டு மூன்று கேஸ் ஷீட்டை கைடிடம் எடுத்துக்கொண்டு போ. கேள்வியோடு வரும் மாணவிக்கு, தலைப்பு கேட்டு வரும் மாணவியைவிட கைடு அதிக நேரம் ஒதுக்குவார். பிஜி படிப்பில் மாவட்ட ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கட்டாயமாக இருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. பலர் அதை வீணான காலம் என்று நினைக்கிறார்கள். அது ஓர் ஆடிட்டுக்கென்றே அளந்து கொடுத்த காலம்.

அரசு மருத்துவர் வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வு எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ஆடிட் மட்டும் போதும் என்றே சொல்வேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் வந்த பிறகு பிரஷர், சுகர் நோயாளிகளின் பதிவேடு உன் மேஜையிலேயே இருக்கும். போன மூன்று மாதத்தில் எத்தனை பேருக்கு பிரஷர் 140/90க்குக் கீழே இருக்கிறது, சுகர்காரர்களில் எத்தனை பேரின் பாதத்தை யாராவது தொட்டுப் பார்த்தோம் என்ற இரண்டே எண் ஒரு கிராமத்தை மாற்றும்.

ஒரு கேஸ் ரிப்போர்ட் எழுதலாமா என்று கேட்டால், எழுது. எழுத்துப் பழக அது நல்ல வழி. நோயாளியின் எழுத்துபூர்வ சம்மதத்தை அவர் டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே வாங்கிவிடு. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ரிசர்ச்சை முதலில் எடு என்று நான் சொல்வது இரண்டு சந்தர்ப்பத்தில். ஒன்று, ஏற்கெனவே ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆய்வில் சேர இடம் கிடைத்தால். அங்கே சம்மதம் வாங்குவது, படிவம் நிரப்புவது, விடுபட்ட நோயாளிக்குப் போன் பண்ணுவது என்று அடிமட்ட வேலையைக் கற்றுக்கொள்ளலாம். கட்டுரையில் பெயர் வருமா, எத்தனாவது என்று முதல் நாளே கூச்சப்படாமல் கேட்டுவிடு. கேட்காமல் விட்டு ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு, உன்னைத் தூங்கவிடாத ஒரு கேள்வி இருந்தால். நெய்யூரில் அப்படி நடந்திருக்கிறது. 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல், அந்த ஊர் ஆஸ்பத்திரியில் தங்கி வருஷக்கணக்கில் குடல் புண்ணுக்கு அறுவை செய்தார். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இது ஏன் இவ்வளவு வருகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. 1936இல் உடன் பணிபுரிந்த மருத்துவர் ஐ.எம். ஓர் (Orr) என்பவரோடு சேர்ந்து அறுவை முறையை மட்டுமில்லாமல் காரணத்தையும் தேடிக் கட்டுரை எழுதினார். வயிற்றுப் புண்ணுக்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருக்கிறது என்று ஆஸ்திரேலியாவில் கண்டுபிடிக்க 1982 ஆனது. அவர் கையில் விடை கிடைக்கவில்லை. கேள்வி நெய்யூர் வார்டிலிருந்து கிளம்பியது.

இனி உன் விஷயம். நீ பாம்புக்கடியைத்தான் எடுக்கப்போகிறாய் என்றால் தேதியைப் பார்த்துக்கொள். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் (இடவப்பாதி) உண்டு, வடகிழக்கும் உண்டு. சித்திரையில் பழைய கேஸ் ஷீட்டை எண்ணி முடித்துவிடு. இடவப்பாதி மழை தொடங்கும் முன் கண்ணாடிக் குழாய், கடிகாரம், ஸ்டாம்பு மூன்றும் கேஷுவாலிட்டியில் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் கடிகள் உன் இரண்டாவது சுற்று. 2024 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று ஆகிவிட்டதால், கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பதிவும் இருக்கும். கடித்த பாம்பின் போட்டோ யார் போனிலாவது இருந்தால் அதை வாங்கிக் கேஸ் ஷீட் எண்ணோடு சேர்த்து வை. செத்த பாம்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தால் திட்டாதே, போட்டோ எடுத்துக்கொள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. எம்.ஆர்.டி.க்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தையும் கமிட்டிக்கான ஒரு பக்கத்தையும் சேர்ந்தே எழுதிவிடலாம். வருவதற்கு முன்னால் கேஷுவாலிட்டி சிஸ்டரிடம் ஒரு டீ குடித்துவிட்டு, குழாய்க்கு அவர் கடைசியாக எப்போது இண்டென்ட் போட்டார் என்று கேட்டுவிட்டு வா.